இரண்டாவது படம்

ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்று தட்டி வைத்த கொட்டகைகள் ஒரு காலத்தில் ஊருக்கு ஒன்றாவது இருந்தன. எந்தப் படத்தோடு எந்தப் படத்தைச் சேர்ப்பது என்று கொட்டகைக்காரர் மண்டையை உடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எந்தப் பெட்டி சல்லிசாகக் கிடைக்கிறதோ அது ஓடும். சாமி படத்துக்குப் பின்னால் கராத்தே படம் வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க வந்தவர்களும் கேட்டதில்லை. எங்கள் நண்பர் குழுவில் அந்தக் கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்றாகிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை மொட்டைமாடியில் கூடுகிறோம். படங்களை அவரவர் வீட்டிலேயே பார்த்துவிட்டு வர வேண்டும், கூடும்போது பேச்சு மட்டும்தான். எப்போதும் இரண்டு படங்கள். இயக்குநர் ஒருவராக இருக்கலாம், அல்லது இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியதாக இருக்கலாம்.

இதில் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் கருப்பொருள் கட்சி. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் இயக்குநர் கட்சி. உதவி இயக்குநராக அலைந்துகொண்டிருக்கும் ஒரு தம்பி, அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் பக்கம். நான் ஆசிரியையின் கட்சி. இந்தக் கட்டுரையும் அந்தக் கட்சிக்கான பிரசாரம்தான்.

தபால் துறை நண்பர் முதலில் கொண்டுவந்த ஜோடி டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948), வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' (2007). இரண்டிலும் வண்டி திருட்டுப் போகிறது. இரண்டிலும் பறிகொடுத்தவன் அதைத் தேடி ஊரெல்லாம் அலைகிறான். வண்டி போனதோடு வேலையும் மானமும் ஆட்டம் காண்கின்றன. காகிதத்தில் பார்த்தால் பத்துப் பொருத்தமும் இருக்கிறது. ஆனால் பேச்சு கால் மணி நேரம் தாண்டுவதற்குள் பல்சர் என்ன மைலேஜ் கொடுக்கும் என்பதில் போய் நின்றது. பிறகு காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்தால் ரசீது தருவார்களா மாட்டார்களா என்பதற்குத் தாவியது. டி சிகா ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியைக் கதாநாயகன் ஆக்கினார், அந்த மனிதரின் நடை எப்படிப்பட்டது என்றெல்லாம் பேச வந்தவர்கள், அவரவர் பறிகொடுத்த சைக்கிளைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தோம்.

கருப்பொருளை வைத்துச் சேர்ப்பதில் உள்ள வில்லங்கம் இதுதான். கருப்பொருள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கதைச்சுருக்கத்தைத்தான். படத்தில் எது எளிதில் வாயால் சொல்ல முடிகிறதோ அதை எடுத்துக்கொண்டு, கேமரா எங்கே நின்றது, யார் முகத்தை எவ்வளவு நேரம் காட்டினார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறோம். பேச்சு உலகத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது. உலகத்தைப் பற்றிப் பேச இரண்டு படம் எதற்கு, செய்தித்தாள் போதும்.

அந்தக் கட்சிக்கு ஒரு வெற்றி உண்டு, மறைக்கக் கூடாது. குரோசாவாவின் 'ராஷோமான்' (1950), வீணை எஸ். பாலசந்தர் ஏவி.எம்முக்கு இயக்கிய 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத தமிழ்ப்படம். 1943-இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட சமயத்தில் ஒரு ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார், ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். உதவி இயக்குநர் தம்பி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "ராஷோமான்ல சாட்சிங்க எல்லாம் நம்மளைப் பார்த்துத்தான் பேசுறாங்க. நீதிபதியைக் காட்டவே மாட்டாங்க. நம்மதான் நீதிபதி, தீர்ப்பு சொல்ல முடியாம முழிக்கணும். இங்க அந்த வேலையை ஜாவர் சீதாராமன் சாரே பார்த்துக்கிறார்." எழுதியவரும் துப்பறிய வந்தவரும் அவரேதான் என்பதால், கடைசியில் உண்மை ஒன்று கிடைத்தே ஆக வேண்டியிருக்கிறது. யுத்தம், தேசத்துரோகம் என்று விஷயத்தைப் பெரிதாக்கிய பிறகு குற்றவாளியைச் சொல்லாமல் விட அன்றைய தமிழ்ப்படத்தால் முடிந்திருக்காது. இந்த ஜோடி ஏன் பிழைத்தது என்றால், இரண்டையும் சேர்த்தது விஷயம் இல்லை, சொல்லும் முறை.

ஆசிரியை அடுத்த மாதம் கொண்டுவந்தவை மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979). ஒன்று உமாசந்திரன் நாவலிலிருந்து வந்தது, இன்னொன்றுக்கு வித்து புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. தனித்தனியாக இரண்டையும் பலமுறை பார்த்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். சேர்த்துப் பார்த்தபோது முடிவுக் காட்சிகள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்தன. 'முள்ளும் மலரும்' முடிவில் வள்ளியின் கல்யாணத்துக்கு ஊரே திரண்டு போகிறது, வழியில் காளி தனியாக நிற்கிறான். ஊர் நின்று பார்க்க, வள்ளி அண்ணனிடம் திரும்பி ஓடுகிறாள். அது போதும் அவனுக்கு. சம்மதம் கொடுக்கிறான், கொடுக்கும்போதே மாப்பிள்ளையைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறான். 'உதிரிப்பூக்கள்' முடிவிலும் அதே மாதிரி ஊர் கூடி நிற்கிறது. இந்த முறை நடுவில் நிற்பவன் சுந்தரவடிவேலு. ஊர் காத்திருக்கவில்லை, தீர்ப்பு சொல்லி ஆற்றுக்குள் நடக்க வைக்கிறது.

காளி தங்கை மேல் உயிரை வைத்திருப்பவன், சுந்தரவடிவேலு மனைவியை அணு அணுவாகக் கொல்பவன். ஆனாலும் தன் வீட்டுப் பெண் யாரிடம் போக வேண்டும் என்பதைத் தான்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. முதல் படத்தில் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொள்ள ரஜினியின் முகமும் உதவியது. இரண்டாவது படத்தைப் பார்த்த பிறகு காளியின் பிடிவாதம் அவ்வளவு அழகாகத் தெரியவில்லை. தபால் துறை நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காளியையும் அந்த ஆளையும் ஒரே தராசுல வைக்காதீங்கம்மா. பாவம்."

"நான் வைக்கலை சார். மகேந்திரன் வச்சிருக்கார்."

அன்று சாயந்திரம் பேச்சு பஸ் நேரத்தைத் தாண்டியும் போனது. பிறகு வந்த படம் முன்னால் வந்த படத்தைத் திருத்தி எழுதிவிடுகிறது. ஒரே கை இரண்டு முறை ஒரே இடத்தைத் தொடும்போது, முதல் தடவை எதைத் தவிர்த்தது என்பது தெரிந்துவிடுகிறது. வேறு வேறு ஆட்கள் எடுத்த படங்களில் இந்த வேவு பார்க்கும் வேலை நடக்காது.

இந்த வேலைக்கு ஒசுவைப் போல வாகான ஆள் கிடையாது. தான் டோஃபு செய்கிறவன், டோஃபு மட்டும்தான் செய்வேன் என்று சொல்லிக்கொண்டவர். 1934-இல் மௌனப்படமாக எடுத்த நாடோடி நாடகக்குழுக் கதையை 1959-இல் வண்ணத்தில் மறுபடியும் எடுத்தார். ஆனால் நாங்கள் எடுத்துக்கொண்டது 'லேட் ஸ்பிரிங்' (1949), 'லேட் ஆட்டம்' (1960). முதல் படத்தில் மனைவியை இழந்த பேராசிரியரும் அவர் மகள் நோரிகோவும். அப்பாவை விட்டுப் போக மகளுக்கு மனமில்லை. தான் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக அப்பா ஒரு பொய்யைச் சொல்லி அவளைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கிறார். இரண்டாவதில் கணவனை இழந்த தாயும் மகளும். அதே சிக்கல், அதே மாதிரி ஒரு மறுமணப் பேச்சு, அதே மாதிரி மகளின் கல்யாணம். கோகோ நோடாவும் ஒசுவும் சேர்ந்துதான் இரண்டையும் எழுதினார்கள்.

"ஒரே கதையை ரெண்டு தடவை எடுத்தா அதுக்குப் பேரு மேதையா?" என்றார் தபால் துறை நண்பர். நியாயமான கேள்வி. பதில் நடிகையிடம் இருக்கிறது. 1949-இல் மகள் நோரிகோவாக வந்த செட்சுகோ ஹாராதான் 1960-இல் தாய் அகிகோ. முதல் படம் வந்தபோது அவருக்கு 29 வயது, இரண்டாவதற்கு 40. அன்று விட்டுவிட்டுப் போனவள், இன்று விடப்படுகிறவள். வேறு நடிகையைப் போட்டிருந்தால் 'லேட் ஆட்டம்' நல்ல குடும்பப்படமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஹாரா அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மகளோடு உட்கார்ந்திருக்கும்போது, நம் மனதுக்குள் இருக்கும் அந்தப் பழைய நோரிகோவும் கூடவே உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவாக நடித்த சிஷு ரியூவும் இந்தப் படத்தில் உண்டு. இறந்துபோன கணவரின் அண்ணனாக, மலையூரில் விடுதி நடத்துபவராக, ஓரமாக வருகிறார். ஒசு அவரை அங்கே சும்மா உட்கார வைத்திருக்கிறார் என்று நான் நம்பவில்லை.

'லேட் ஸ்பிரிங்' முடிவு பலருக்கும் தெரிந்திருக்கும். மகளை அனுப்பிவிட்டு வீடு திரும்பிய அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் தோலைச் சீவுகிறார். தோல் அறுபடாமல் நீளமாகச் சுருண்டு இறங்குகிறது. பிறகு கீழே விழுகிறது. கை நிற்கிறது, தலை கவிழ்கிறது. அந்த இடத்தில் வாய்விட்டு அழும்படி ஒசு கேட்டதாகவும், தன்னால் முடியாது என்று ரியூ சொன்னதாகவும், ஒசு வற்புறுத்தவில்லை என்றும் சொல்வார்கள். அழுதிருந்தால் அது அவருடைய துக்கமாகவே முடிந்திருக்கும். 'லேட் ஆட்டம்' முடிவில் தாய் தன் வீட்டில் தனியாக இருக்கிறாள். துணியை மடித்து வைக்கிறாள். உதட்டில் ஏதோ ஒன்று, சிரிப்பு என்று சொல்லிவிட முடியாதது. அப்பாவுக்குத் தலை கவிழ்ந்தது, அம்மாவுக்குக் கவிழவில்லை. நாங்கள் இதை வைத்து வெகுநேரம் அடித்துக்கொண்டோம். ஆண் உடைந்தால் நமக்குப் பார்க்கப் பிடிக்கிறது, பெண் தாங்கினால்தான் பிடிக்கிறது என்று ஆசிரியை சொன்னார். தம்பி வேறு மாதிரி சொன்னான்: அவள் ஏற்கெனவே ஒரு முறை இந்த இடத்தைப் பார்த்தவள், அதனால்தான் ஆப்பிளெல்லாம் தேவைப்படவில்லை. வேறு படத்தில் நடந்ததை இந்தப் படத்துப் பாத்திரத்தின் அனுபவமாகச் சேர்ப்பது கறாராகப் பார்த்தால் தப்பு. ஆனால் பார்க்கிறவன் மனதில் நடப்பது அதுதான்.

இன்னொன்றும் நடந்தது. முதல் படத்தில் அப்பா சொன்ன பொய்யைத் தியாகம் என்று நினைத்துக் கண்கலங்கியிருந்தோம். இரண்டாவதில் மறுமணப் பேச்சைக் கிளப்புவது இறந்தவரின் மூன்று நண்பர்கள். கோட்டு சூட்டுப் போட்ட நடுவயதுக்காரர்கள். குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டு, யாரை யாருக்குக் கட்டி வைக்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். மகளின் தோழி யூரிகோ நேராக அவர்கள் முன்னால் போய் நின்று வெளுத்து வாங்குகிறாள். மரிகோ ஒகாடா நடித்த அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் ஒசுவை 'அமைதியானவர்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். பெண்ணின் கல்யாணத்தை நல்ல மனதோடு ஏற்பாடு செய்யும் ஆண்களைப் பார்த்து, பதினொரு வருடம் கழித்து ஒசுவே சிரிக்கிறார். நோரிகோவை யாராவது உண்மையில் கேட்டார்களா என்ற கேள்வி 1949-க்குத் திரும்பிப் போகிறது.

தமிழில் இதற்குச் சமமான ஜோடி ஒன்று இருக்கிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), 'சந்தியாராகம்' (1989). 'முள்ளும் மலரும்' ஒளிப்பதிவாளர் என்ற வகையிலும் அவர் எங்கள் பேச்சுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டவர்.

முதலில் தபால் துறை நண்பர் 'சந்தியாராக'த்தை ஒசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யோடு (1953) சேர்க்கப் பார்த்தார். முதுமை, பிள்ளைகள் வீடு, வேண்டாத விருந்தாளி. மறுபடியும் பத்துப் பொருத்தம். மறுபடியும் பேச்சு முதியோர் இல்லங்களுக்கும் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. டோக்கியோவில் மகன் டாக்டர், மகள் அழகுநிலையம் நடத்துகிறாள். அவர்களிடம் இல்லாதது நேரம். சென்னையில் தம்பி மகன் வீட்டில் இல்லாதது சம்பளமும் இடமும். மாதச் செலவு கணக்கில் ஒரு வாய் கூடினால் என்ன ஆகும் என்பதைப் பற்றிய படத்தை, பாசம் குறைந்துபோன காலத்தைப் பற்றிய படத்தோடு கட்டிவைத்தால் இரண்டும் முதுமையைப் பற்றிய பள்ளிக் கட்டுரை ஆகிவிடும்.

'வீடு' படத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஹாராவுக்கு நடந்தது இங்கே இரண்டு பேருக்கு நடக்கிறது. அர்ச்சனாவும் சொக்கலிங்க பாகவதரும் இரண்டிலும் இருக்கிறார்கள். 'வீடு' சுதா வேலைக்குப் போகிறவள். தங்கைக்கும் தாத்தாவுக்கும் அவள்தான் ஆதாரம். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், இருக்கும் மனையில் ஒரு வீட்டைக் கட்டிவிடலாம் என்று இறங்குகிறாள். கடன், கையெழுத்து, ஏமாற்றும் காண்டிராக்டர், அவன் விற்றுவிடும் சிமெண்ட். பசி சத்யா நடித்த சித்தாள் மங்கம்மா மட்டும் அவள் பக்கம் நிற்கிறாள். சங்கீத வாத்தியாராக இருந்த தாத்தா ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்க வருகிறார். பூசாத சுவர்களுக்கு நடுவில் நடக்கிறார். உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்க்கிறார். பேச்சே கிடையாது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும். எந்த அறை எதற்கு என்று அவர் மனதுக்குள் பங்கு வைத்துக்கொள்வது நமக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு அவர் அதிக நேரம் இருப்பதில்லை. வீடும் முழுதாக எழும்புவதில்லை. மனையை மெட்ரோ வாட்டர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிடுகிறார்கள், சுதா கோர்ட் படியில் நிற்கிறாள்.

அடுத்த வருடம் அதே பாகவதர் மனைவியை இழந்த கிராமத்துப் பெரியவராக வருகிறார். தம்பி மகன் வாசுவை நம்பிச் சென்னைக்கு வந்து சேர்கிறார். வாசுவாக ஓவியர் வீர சந்தானம். வாசுவின் மனைவி துளசி, அதே அர்ச்சனா. இந்த முறை வீடு இருக்கிறது, சமையல் நடக்கிறது, குழந்தை ஒன்று ஓடுகிறது. பெரியவருக்குத்தான் இடமில்லை. தாத்தாவுக்கும் சேர்த்து ஒரு கூரை வேண்டும் என்று அலைந்த அதே பெண்ணின் முகம், இப்போது இன்னொரு கிழவர் எப்போது எழுந்து போவார் என்று பார்க்கிறது. துளசி கெட்டவள் இல்லை. பாலு மகேந்திரா அவளைக் கெட்டவளாக்கிக் கைகழுவவில்லை. சுதாவுக்கு வீடு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்பதற்கு அவர் ஒரு வருடம் கழித்து எழுதிய பதில் துளசி என்று நான் நினைக்கிறேன். வீடு கிடைத்தாலும் அதை நடத்த வேண்டும் அல்லவா. பெரியவர் கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுகிறார்.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் தன் சிறுவயதில் பெற்றோர் வீடு கட்டியபோது, சிரித்த முகமாக இருந்த அம்மா மெல்ல வேறு ஆளாகிப் போனதைப் பார்த்ததிலிருந்துதான் 'வீடு' வந்தது என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். சிரித்த பெண் வீட்டால் மாறுவது என்பதில் அந்தப் படம் பாதி. மீதிப் பாதி 'சந்தியாராக'த்தில் இருக்கிறது. 'வீடு' மட்டும் பார்த்தவர்களுக்கு அது நடுத்தர வர்க்கத்தின் கனவைப் பற்றிய படம். அப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் கனவின் மேல் அவ்வளவு மரியாதை வராது.

'தலைமுறைகள்' (2013) வந்தபோது பாகவதர் இல்லை. கிராமத்துத் தாத்தாவாகத் தானே நடித்தார் பாலு மகேந்திரா. தமிழ் தெரியாத பேரனோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, கால் நூற்றாண்டாக வேறொருவரை உட்கார வைத்துப் பார்த்த திண்ணைக்குக் கடைசியில் தானே வந்து சேர்ந்திருக்கிறார் என்று தோன்றியது. அந்தப் படத்தைத் தனியாகப் பார்த்தவர்கள் சுமாரான படம் என்றார்கள். தனியாகப் பார்த்தால் அப்படித்தான்.

அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தன் படங்கள் சிலவற்றின் நெகட்டிவே இல்லாமல் போய்விட்டது. 'வீடு', 'சந்தியாராகம்' இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. பூனாவில் 1964-இலேயே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்துவிட்டது, தமிழ்ப்படங்களுக்கென்று இங்கே ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 பிப்ரவரியில் காலமானார். இன்று நாம் பார்ப்பது மங்கிப்போன பிரதிகளை. 'சந்தியாராகம்' கொட்டகைக்கே வராமல் தூர்தர்ஷனில் காட்டப்பட்ட படம் என்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஜோடியில் ஒன்று தொலைந்தால் மற்றதும் பாதியாகிவிடும் என்பதை எங்கள் குழுவில் இப்போது தபால் துறை நண்பரே ஒப்புக்கொள்கிறார், கட்சி மட்டும் மாறவில்லை.

ஆண்டுக்கு ஒரு முறையாவது 'வீடு' திரையிடும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சந்தியாராக'த்தையும் அன்றைக்கே போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டீ கொடுங்கள், யாரையும் மேடையேற்றாதீர்கள். பேச வேண்டியவர்கள் இரண்டாவது படம் முடிந்த பிறகு பேசட்டும்.